காவியும் எண்ணியும்: பௌதிகவியற் கலைச்சொற்கள் பற்றிய ஒரு நோக்கு

கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையில் ஒரு மீனவரிடம் காற்று எப்படி இருக்கிறது என்று வினவினால், பலமாக இருக்கிறது அல்லது தணிந்திருக்கிறது என்பதோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. சோளகம் பெயர்ந்துவிட்டது என்பார். வாடை தொடங்கிவிட்டது என்பார். வாடை வடகீழ்த் திசையிலிருந்தும், சோளகம் தென்மேற்றிசையிலிருந்தும், கொண்டல் கிழக்கிலிருந்தும், கச்சான் மேற்கிலிருந்தும் வருவன. இடத்துக்கிடம் இப்பெயர்களின் எல்லை சற்று வேறுபடலாம். ஆயினும் திசை இல்லாத காற்று ஒன்று அவர் வாயில் வருவதில்லை. பழந்தமிழர் வாடை, தென்றல், கொண்டல், கோடை என நாற்றிசைக் காற்றுக்கும் நான்கு பெயர் வகுத்ததும் இதே மனப்பாங்கினாலேயே. காற்றின் வலிமையையும் அது வரும் திசையையும் ஒன்றாகச் சேர்த்து அறிந்தாலன்றிப் பாய்மரத்தைத் திருப்ப முடியாது. வலை விடும் இடத்தையும் தீர்மானிக்க முடியாது.

அம்மீனவரின் பிள்ளை பாடசாலையில் பௌதிகவியலின் முதற் பகுதிகளைப் படிக்கும்போது, "பருமனும் திசையும் உடைய கணியம் காவிக் கணியம், பருமன் மட்டும் உடையது எண்ணிக் கணியம்" என்னும் வரைவிலக்கணத்தை மனனஞ் செய்கின்றது. வீட்டில் நாள்தோறும் வழங்கும் ஓர் அறிவு வகுப்பறையில் அந்நியமான ஒன்றாக வந்து நிற்கின்றது. குறை எங்கே உள்ளது? கருத்து அரியது என்று சொல்வதற்கில்லை. அக்கருத்தை ஏற்றி வந்த சொற்களையே ஆராய வேண்டியுள்ளது. கலைச்சொல்லும் ஓர் ஆக்கமே. கவிதையிலும் நாவலிலும் சொல்லாட்சியை ஆராயும் திறனாய்வு, ஒரு தலைமுறையின் அறிவைத் தீர்மானிக்கும் பாடநூற் சொல்லாட்சியை அறிவியலாரின் தனிச்சொத்தென்று விட்டுவிடுவது பொருந்தாது.

தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்கம் நெடிய வரலாறு உடையது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1916ஆம் ஆண்டிற் சேலத்திலே இராஜகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லுக்கெனவே ஒரு சங்கம் கண்டனர். இலங்கையில் தாய்மொழிக் கல்வி உயர் வகுப்புகளை எட்டிய 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சொற்றொகுக்கும் பணி புத்தளக் கரைக்கும் புதிதன்று. இலங்கைக் கெசற்றியரை 1834இலும் தமிழ்ப் புளூட்டாக்கை 1859இலும் வெளியிட்ட சைமன் காசிச்செட்டி 1807இற் கற்பிட்டியிற் பிறந்தவர். எனினும் பாக்கு நீரிணையின் இருகரையிலும் சொல்லாக்கம் தனித்தனியே நடந்தது. அதன் விளைவு பௌதிகவியலின் முதல் அத்தியாயத்திலேயே தென்படுகின்றது.

முதலிற் காவி என்னும் சொல்லை நோக்குவோர், அது துவராடையை நினைவூட்டுகின்றதே என்று குறைகூறுவது வழக்கம். நகர்ப்புற மாணவருக்கு அது அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆனால் ஈழத்துப் பேச்சுவழக்கிற் காவுதல் என்பது இன்றும் உயிருள்ள வினை. மீன் கூடையைக் காவிக்கொண்டு போகின்றனர். தோளிலே சுமக்கும் தடி காவுதடி. முருகனுக்கு எடுப்பது காவடி. வெக்டர் என்னும் இலத்தீன் சொல்லின் பொருளும் சுமந்து செல்வது என்பதே. 1840களில் அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹமில்ற்றன் அச்சொல்லையும் ஸ்கேலர் என்னும் சொல்லையும் இன்றைய கணிதப் பொருளில் ஆளத் தொடங்கினார். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது காவி. இலங்கைச் சொல்லாக்கத்தார் மூலச்சொல்லின் உட்பொருளையே எடுத்துத் தமிழ் வினையடியில் வைத்துள்ளனர். தமிழகத்தில் வெக்டர் என ஒலிபெயர்த்தே எழுதுவதும் உண்டு. திசையன், திசையிலி என்பனவும் வழங்குகின்றன. திசையன் தெளிவான சொல், ஆனால் அசைவற்றது. காவியில் ஓர் இயக்கம் இருக்கின்றது. அதனை வகுப்பில் விளக்காது விட்டால் அது வெறுங் காவித்துணியாகவே நின்றுவிடும். எண்ணி அத்துணை நயமுடையதன்று. எண்ணுவோனைக் குறிக்கின்றதா, எண்ணப்படுவதைக் குறிக்கின்றதா என்ற மயக்கம் அதில் உண்டு.

காவிகளின் கூட்டல் மாணவரைத் திகைக்க வைக்கும் முதல் இடம். உப்பளத்தில் 4 கிலோகிராம் உப்போடு 3 கிலோகிராம் உப்பைச் சேர்த்தால் 7 கிலோகிராம். அதில் ஐயமில்லை, திணிவு எண்ணி. புத்தளக் கடனீரேரியில் ஒரு வள்ளம் செக்கனுக்கு 4 மீற்றர் வீதம் கிழக்கு நோக்கிச் செலுத்தப்படுகையில், நீரோட்டம் அதனைச் செக்கனுக்கு 3 மீற்றர் வீதம் வடக்கே தள்ளினால், கரையில் நிற்போருக்கு வள்ளம் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் வடகிழக்குச் சார்ந்து போவதாகத் தோன்றும். நான்கும் மூன்றும் இங்கே ஐந்து. எதிரேயுள்ள துறையை அடைய விரும்பும் ஓட்டி, வள்ளத்தின் முகப்பை அத்துறைக்கு நேரே வைக்காது நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுத் திருப்பி வைக்கின்றான். இணைகர விதியை அவன் படித்ததில்லை. அதன்படியே கடலைக் கடக்கின்றான். இவ்வாறு சேர்ந்து வருவதற்கு இலங்கை நூல்கள் இட்ட பெயர் விளையுள். திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலே பயின்ற சொல் அது. நிலமும் நீரும் உழைப்பும் கூடி விளைவது போல இரு காவிகள் கூடி ஒன்று விளைகின்றது. கலைச்சொல்லாக்கத்தில் இவ்வளவு பொருத்தமாக வாய்த்த சொற்கள் மிகச் சிலவே.

காற்றின் பெயர்களைக் காவிக்கு எடுத்துக்காட்டும் ஆசிரியர் ஒன்றிற் கவனமாயிருத்தல் வேண்டும். வாடை என்பது காற்று வரும் திசையாற் பெற்ற பெயர். அதன் வேகக் காவியின் அம்புக்குறியோ தென்மேற்கை நோக்கியே வரையப்படும். கடல் நீரோட்டத்துக்கு அது போகும் திசையைச் சொல்வதும், காற்றுக்கு வரும் திசையைச் சொல்வதும் உலகெங்கும் உள்ள வழக்கு. இதனைத் தெளிவுறுத்தாவிடின் உவமையே பிழைக்கு வழிகாட்டிவிடும்.

கதி, வேகம் என்னும் இணையிலேதான் உண்மையான சிக்கல் தொடங்குகின்றது. இலங்கைப் பாடநூல்களிற் கதி திசையற்றது, எண்ணி. வேகம் திசையுடையது, காவி. சொல்வரலாற்றை நோக்குமிடத்து இப்பங்கீடு தலைகீழானது எனலாம். கதி என்னும் வடசொல் செல்லுதல் என்னும் அடியிற் பிறந்து, செல்லும் வழி, சென்றடையும் இடம் என்னும் பொருள்களையும் பெற்றது. நற்கதி, வேறு கதியில்லை என்னும் வழக்குகளில் ஒரு சேருமிடம் உண்டு. வேகம் என்பது விரைவே. அதில் இயல்பாகத் திசை இல்லை. திசையுள்ள சொல்லிலிருந்து திசையைப் பறித்து, திசையற்ற சொல்லுக்குக் கொடுத்துள்ளனர். ஆயினும் வழக்கு நிலைபெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் அதனாற் படித்துப் பொறியியலாளராயும் மருத்துவராயும் ஆகியுள்ளனர். அதனை இப்போது மாற்ற முயல்வது அறிவுடைமையன்று.

தமிழகத்திலோ வேகம் திசையற்றது. திசையுடையதற்குத் திசைவேகம் என்பது பெயர். அதாவது, ஒரே சொல் ஒரு கரையிற் காவி, மறு கரையில் எண்ணி.

இத்தகைய இன்னொரு சொல் நிறை. இலங்கையில் நிறை என்பது ஒரு பொருளைப் புவி இழுக்கும் விசை, திசை கீழ்நோக்கியது, எனவே காவி. பொருளின் அளவாகிய மாறாத கணியத்துக்குத் திணிவு என்று பெயர். தமிழகத்திற் பின்னதே நிறை, முன்னது எடை. இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. நிறுத்தல் என்னும் வினையோடு தொடர்புடைய நிறை, நிறுக்கும்போது தெரிவதைக் குறித்தல் இயல்பு. அதேவேளை, நிறைந்திருப்பது என்னும் பொருளிலே பொருளின் நிறைவையும் அது குறிக்கலாம். எடை என்பது எடுத்தல் என்னும் வினையிற் பிறந்தது. ஒன்றைத் தூக்கும்போது கை உணரும் சுமையை அது நன்கு உணர்த்துகின்றது. திணிவைக் கேட்பவர்க்கு அடர்த்தி நினைவுக்கு வரலாம். ஆனால் 1687இல் வெளிவந்த தம் பெருநூலின் தொடக்கத்தில் நியூற்றனும் பொருளின் அளவை அடர்த்தியும் கனவளவும் சேர்ந்து எழுவதாகவே வரையறுத்தார். எனவே திணிவு என்று பெயரிட்டவர்கள் அவரோடு ஒத்துப்போயினர் எனலாம். சிலாபத்து மீன் சந்தையிலே இவ்வேறுபாட்டைக் கண்ணாற் காணலாம். இருதட்டுத் தராசில் மீனையும் படிக்கற்களையும் வைக்கும் வியாபாரி திணிவுகளை ஒப்பிடுகின்றார். அத்தராசு சந்திரனிலும் அதே விடையையே தரும். விற்றராசிலே தொங்கவிடுபவர் நிறையை அளக்கின்றார். சந்திரனில் அதன் சுட்டி ஏறத்தாழ ஆறிலொரு பங்கையே காட்டும். வீடு திரும்பும்போது இருவரும் ஒரு கிலோ நிறை என்றுதான் சொல்வர். அதில் எவருக்கும் நட்டமில்லை.

நட்டம் பரீட்சை மண்டபத்திலேதான். முன்னர் இந்த இருகரைப் பேதம் அகராதி தொகுப்போரின் கவலையாக மட்டும் இருந்தது. இன்றோ கற்பிட்டியிலும் முந்தலிலும் உடப்பிலும் உள்ள மாணாக்கர், ஆசிரியர் விளக்காது விட்டதைக் கைத்தொலைபேசியிலே தேடுகின்றனர். தமிழில் அங்கே மிகுதியாகக் கிடைப்பன தமிழகத்துப் பாடங்கள். நிறை ஒரு ஸ்கேலார் அளவு என்று அங்கே ஓர் ஆசிரியர் சரியாகவே சொல்கின்றார். நிறை ஒரு காவிக் கணியம் என்று இங்கே பாடநூல் சரியாகவே எழுதுகின்றது. இரண்டையும் கேட்டு, இரண்டையும் நம்பி, சொல் வேறு பொருள் வேறு என்று எச்சரிப்பார் இல்லாது பரீட்சை எழுதும் பிள்ளையின் விடை மட்டும் பிழையாகின்றது. தமக்குப் பௌதிகவியல் வராது என்று அப்பிள்ளை முடிவுசெய்கின்றது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தனியார் வகுப்புக்குச் செல்லக்கூடிய மாணவருக்கு இம்மயக்கத்தைத் தீர்த்துவைக்க ஒருவர் இருப்பார். கடலோரத்துச் சிற்றூர்ப் பாடசாலையில் அவ்வாறு ஒருவர் இருப்பார் என எதிர்பார்க்க முடியாது.

இவை கரைகளுக்கிடையே நிகழ்ந்த குழப்பங்கள். விழும் பொருள்களைப் பற்றிய பாடத்திலோ இலங்கைச் சொற்களே தமக்குள் முரண்படுகின்றன. புத்தள மாவட்டம் தென்னை முக்கோணத்தின் ஒரு பகுதி. விழும் பொருளுக்கு அங்கே பஞ்சமில்லை. 20 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு முற்றிய தேங்காய் கழன்று விழுகின்றதென்க. கணக்கிற்கு எளிதாகப் புவியீர்ப்பின் ஆர்முடுகலைச் செக்கனுக்குச் செக்கன் 10 மீற்றர் எனக் கொண்டால், அது 2 செக்கனில் நிலத்தை அடையும். அப்போது அதன் வேகம் செக்கனுக்கு 20 மீற்றர், அதாவது மணித்தியாலத்துக்கு 72 கிலோமீற்றர். பக்கத்தில் விழும் குரும்பையும் ஏறக்குறைய அதே நேரத்திலேயே நிலம் சேரும். பாரமானது விரைந்து விழும் என்னும் அரிஸ்ரோட்டிலின் கருத்தைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலிலே மறுத்தார். உலர்ந்த ஓலை மட்டும் ஆடி அசைந்து பிந்தி வருவது காற்றின் தடையினாலே. காற்றற்ற சந்திரனில் 1971ஆம் ஆண்டு அப்பலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்கொற் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருங்கே விட்டபோது இரண்டும் ஒருங்கே விழுந்தன.

இப்போது அதே நிலத்திலிருந்து ஒரு கல்லைச் செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்துடன் நேர் மேலே எறிந்தால், 2 செக்கனில் அது அந்தத் தென்னையின் உச்சியை எட்டி, ஒரு கணம் நின்று, அடுத்த 2 செக்கனில் திரும்பும். உச்சியில் அதன் ஆர்முடுகல் யாது? பூச்சியம் என்று விடையளிப்போர் பலர். பல நாடுகளிலும் மாணவர் இவ்வாறே தவறுகின்றனர் என்பதும் உண்மை. ஆனால் தமிழ் மாணவரின் தவறுக்கு அவர் கற்ற சொல்லே துணைநிற்கின்றது. முடுகு என்பது தமிழ் யாப்பறிந்தோர்க்குப் பழகிய சொல். கலிப்பாவில் அராக உறுப்பை முடுகியல் என்பர். ஓசை விரைந்தோடுவது அது. ஆர்தல் என்பது நிறைதல், மிகுதல். ஆகவே ஆர்முடுகல் என்றதும் விரைவு மிகுதல் என்னும் பொருளே காதில் விழுகின்றது. அதற்கு எதிராக விரைவு தணிதலுக்கு அமர்முடுகல் என இன்னொரு சொல்லும் ஆக்கப்பட்டுள்ளது. மேலேறும்போது அமர்முடுகல், இறங்கும்போது ஆர்முடுகல் என்று மாணவர் பிரித்து எழுதுகின்றனர். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் உச்சியில் இரண்டும் இல்லை என்று எண்ணுவது அதன் இயல்பான முடிபே. மெய்யில் மூன்று நிலையிலும் இருப்பது ஒன்றே: கீழ்நோக்கிய, பருமன் மாறாத ஆர்முடுகல். கல் ஏறும்போது வேகம் மேல்நோக்கியது, ஆர்முடுகல் கீழ்நோக்கியது. ஆகவே கதி குறைகின்றது. இறங்கும்போது இரண்டும் ஒரே திசையன. ஆகவே கதி கூடுகின்றது. உச்சியில் வேகம் மட்டுமே பூச்சியம். ஆர்முடுகலும் அங்கே பூச்சியமாயின் கல் திரும்பி வரவே மாட்டாது. தென்னையின் தலைக்கு நேரே அந்தரத்தில் நின்றுவிடும்.

இரு சொற்களும் கதியின் கூடுதல் குறைதலைக் கொண்டு பெயரிடப்பட்டவை. அதாவது எண்ணியின் கண்ணாற் காவியைப் பார்த்து இட்ட பெயர்கள். கற்பிட்டிக் குடாநாட்டு மாம்புரியிற் சுழலும் காற்றாலைகள் இதனை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. சீராகச் சுழலும் இதழின் நுனி கூடுதலுமின்றிக் குறைதலுமின்றி ஒரே கதியில் ஓடுகின்றது. ஆயினும் திசை கணந்தோறும் மாறுவதால் அதற்கு மையத்தை நோக்கிய ஆர்முடுகல் உண்டு. அங்கே ஆர்தலும் இல்லை, அமர்தலும் இல்லை. இவ்விடத்தில் எதிர்க்கரையின் முடுக்கம் என்னும் சொல்லே மேலானது என ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் மிகுதியைக் குறிக்கும் முன்னொட்டு இல்லை. மேலும், முடுக்குதல் பிறவினை. முடுக்குவது ஒன்று புறத்தே உண்டு, அதுவே விசை, என்னும் குறிப்பும் அதில் அடங்கியிருக்கின்றது. ஈழத்துச் சொல்லாக்கத்தைப் போற்றுவோர் அதன் தூய்மையை எடுத்துரைக்கும் அளவுக்கு இக்குறையை எடுத்துரைப்பதில்லை. ஆர்முடுகலை அகற்றுவது இனி இயலாது. அமர்முடுகலையாவது காவிகள் பற்றிய பாடத்தில் ஒதுக்கி, ஒரே சொல்லை நேர், மறைக் குறிகளோடு வழங்குதல் இயலும்.

சொல் ஒன்று பாடநூலுக்கு வெளியே பெற்றுக்கொண்ட வாழ்வையும் கணக்கில் எடுத்தல் வேண்டும். சென்ற தூரம் எண்ணி, இடப்பெயர்ச்சி காவி. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியுமே இடப்பெயர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. இடையிற் பட்டது எதுவும் அதிற் சேராது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் வந்து தங்கியது புத்தளத்திலும் கற்பிட்டியிலுமே. இடம்பெயர்ந்தோர் என்பது அங்கே ஒரு முழுச் சமூகத்தின் பெயராகப் பல்லாண்டு வழங்கியது. அவ்வூர் வகுப்பறையில், புறப்பட்ட இடத்துக்கே ஒருவர் மீண்டால் அவரது இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், பௌதிகவியலின்படி பிழையேதும் எழுதவில்லை. ஆனால் மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அவ்வாக்கியம் பெயர்ச்சியே நிகழவில்லை என்று சொல்வது போற் கேட்கக்கூடும். பூச்சியமானது காவியே, நடந்த தூரம் அப்படியே இருக்கின்றது. தூரத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வாறு ஒருமுறை சொன்னால் எந்த மாணவரும் பின்னர் அதனை மறப்பதற்கில்லை. இதுகாறும் பாடநூல்கள் பெரும்பாலும் புகையிரதத்தையும் மோட்டார் வண்டியையுமே உதாரணமாகக் கொண்டு வந்துள்ளன.

காவியைக் கூறுகளாகப் பிரிக்கும் பாடத்துக்குக் கலிலியோ 1632இல் எடுத்துக்காட்டியது ஓடும் கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து விடப்படும் ஒரு கல். 1640இல் பிரெஞ்சு அறிஞர் கசந்தி மார்செய்ல்ஸ் துறையிலே அதனைச் செய்தே பார்த்தார். கல் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது. கப்பல் முன்னேறியபோது கல்லும் தன் கிடை வேகத்தை இழக்காது கூடவே முன்னேறிற்று. புத்தளக் கடனீரேரியில் ஒரு வள்ளத்தில் இதனைச் செய்துபார்க்கப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. வள்ளத்திலிருப்பவர் காண்பது நேர்கோடு. கரையிலிருப்பவர் காண்பது வளைகோடு. விழும் நேரம் இருவருக்கும் ஒன்றே.

அடுத்த பதிப்புக்குச் செய்யவேண்டியது பெரிதன்று. காவி பற்றிய அத்தியாயத்தின் முதற் பக்கத்திலே கதி, வேகம், திணிவு, நிறை, ஆர்முடுகல் என்னும் ஐந்து சொற்களையும், அவற்றின் எதிரே முறையே வேகம், திசைவேகம், நிறை, எடை, முடுக்கம் என்னும் தமிழகச் சொற்களையும் இரு நிரல்களில் அச்சிட்டால் போதும். அரைப் பக்கங்கூடத் தேவைப்படாது.